நான் சொல்லாத நன்றி

ஜெபல் அலி கேம்ப், துபாய்
14.11.2024

ஷியாமளா மேடம் அவர்களுக்கு,

பன்னீர்செல்வம் எழுதுவது. பழக்கதோஷத்தில் நலம் விசாரித்து ஒரு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். போன் செய்திருக்கலாம். போனில் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள், விஷயம் அதோடு போய்விடும். அதனால் கடிதம். கல்லூரி மேசை விரிப்புகளை வெளுத்து ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு முறை புஜைரா வருகிறாரே வேன் டிரைவர் மஹ்மூது, அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலும் அவரிடமே கொடுக்கலாம்.

நாலாம் தேதி காலை உங்கள் லைப்ரரி மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிளீனிங் கம்பெனி சூப்பர்வைசர் வந்து, "பன்னீர், சாமான் பேக் கரோ. ஜல்தி. வண்டி நிக்குது" என்றான். மூன்று வருடம் வேலை பார்த்த இடம். வாளியைக் கூட ஓரமாக வைக்க விடவில்லை. இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். அதற்காக நான் எழுதவில்லை. எங்கே போட்டாலும் வேலைதான்.

போன வாரம் மஹ்மூது பாய் உங்கள் மாணவர் பத்திரிகையைக் கொண்டுவந்து, "உன் போட்டோ வந்திருக்குப்பா" என்று கொடுத்தார். என் ரூமில் தியாகு என்று டிப்ளமோ படித்த பையன் இருக்கிறான். அவனை வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். "மருத்துவ உதவி கிடைப்பதில் சற்றுத் தாமதம் ஏற்பட்டது. ஆனாலும் கல்லூரிக் குடும்பம் காட்டிய அக்கறைக்குத் தான் என்றும் நன்றியுள்ளவன் என்று பன்னீர்செல்வம் கண்கலங்கக் கூறினார்" என்று போட்டிருக்கிறதாம். இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். அவன், "அண்ணே, இதான் இருக்கு" என்றான்.

மேடம், கண் கலங்கியது உண்மை. அது கோபத்தில். நன்றி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. அக்டோபரில் என்னைப் பேசக் கூப்பிட்ட அந்த வகுப்பில் நான் தமிழில் பேசினேன், நீங்கள் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னீர்கள். அப்படியானால் அந்த வார்த்தை யாருடையது?

நான் சொன்னது உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஆகஸ்ட் 27, மதியம் ஒரு மணி. அந்த நேரத்தில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற நோட்டீஸ் எங்கள் மெஸ் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. புதுப் பிள்ளைகளை வரவேற்கும் விழாப் படத்தில் மலை தெரிய வேண்டும் என்று புல்வெளியில் நாற்காலி போடச் சொன்னார்கள். முந்நூறு நாற்காலி. வெள்ளை உறை அழுக்காகும், ஒருவனும் உட்காரக் கூடாது என்றார்கள். என் கூட வேலை பார்த்த வீரபாண்டி விழுந்தான். கல்லூரி கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கதவு என் கார்டுக்குத் திறக்கவில்லை. தட்டினேன். கழுத்தில் திறக்கிற கார்டு மாட்டியவர்கள் பத்துப் பேராவது அந்த வராந்தாவில் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.

இதில் எங்கே மேடம் நன்றி?

பன்னீர்செல்வம்


புஜைரா
19.11.2024

அன்புள்ள பன்னீர்செல்வம்,

உங்கள் கடிதத்தை லைப்ரரியில் வைத்துப் படிக்க முடியவில்லை. காரில் உட்கார்ந்து படித்தேன்.

உங்களை மாற்றிய அன்று நான் விடுப்பில் இருந்தேன். மறுநாள் வந்தபோது வேறொருவர் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "கம்பெனி முடிவு, கல்லூரிக்குச் சம்பந்தமில்லை" என்றார்கள். நான் டீனிடம் போய்ப் பேசினேன். இதையாவது நம்புங்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். நீங்கள் பேசியபோது கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். டீன் இருந்தார். கதவுக்குப் பக்கத்தில் உங்கள் சூப்பர்வைசர் நின்றிருந்தார். நீங்கள் கதவு, கார்டு என்று சொல்லச் சொல்ல எனக்குக் கை நடுங்கியது. அப்படியே சொல்லியிருந்தால் அடுத்த வாரமே உங்களை விமானத்தில் ஏற்றியிருப்பார்கள். உங்கள் மகள் பானுப்பிரியா இந்த வருடம் பத்தாவது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நான் அதைத்தான் நினைத்தேன். அந்த ஒரு கணத்தில் எனக்குத் தோன்றியதைச் செய்தேன். கொஞ்சம் மென்மையாக்கினேன். அது குற்றம் என்றால் குற்றம்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கல்லூரியில் மொத்தம் இருநூற்று அறுபது பிள்ளைகள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். துப்புரவு வேலை பார்ப்பவர்களின் பெயரை எத்தனை பேர் கேட்டார்கள்? நான் கேட்டேன். உங்களுக்காக ஒரு தமிழ் அலமாரி வைத்தேன். "உங்களப் பேசக் கூப்பிடுறாங்க, தைரியமா பேசுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொன்னவளும் நான்தான். அதையெல்லாம் ஒரு வார்த்தைக்காகத் தூக்கிப் போட்டுவிட்டீர்களே என்று எனக்கும் வருத்தம் இருக்கிறது.

குளிர் தொடங்கப்போகிறது. கிடங்கில் காலையில் சில்லென்று இருக்கும். ஒரு ஸ்வெட்டரும், நீங்கள் பாதியில் விட்டுப்போன புத்தகமும், கொஞ்சம் முறுக்கும் மஹ்மூதிடம் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஷியாமளா


ஜெபல் அலி
28.11.2024

மேடம்,

பார்சலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மஹ்மூது பாயைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

என்னைக் காப்பாற்றுவதற்காகச் செய்தேன் என்கிறீர்கள். நான் காப்பாற்றச் சொல்லிக் கேட்டேனா? பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? பதினொரு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். ஊருக்கு அனுப்பினால் போவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் அந்த வகுப்புக்குள் வந்தேன். பானுப்பிரியாவிடமும் அவள் அம்மாவிடமும் முதல் நாளே சொல்லிவிட்டேன். நான் எடுத்த முடிவை என் பக்கத்தில் நின்றுகொண்டே நீங்கள் மாற்றிவிட்டீர்கள். நான் சொன்னது அவர்களுக்குப் போகவில்லை, நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். என் பேச்சைக் கேட்டுத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து நான் கும்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

ஒரு வார்த்தை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தை என்ன செய்திருக்கிறது என்று கேளுங்கள்.

வீரபாண்டிக்கு அந்த வெயிலில் சிறுநீரகம் போய்விட்டது. கமுதிப் பக்கத்தில் அவன் ஊர். வாரத்துக்கு இரண்டு நாள் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்கிறான். அவன் மனைவி சரசு, தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் மூலம் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். வேலையில் விழுந்தவன், வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும் என்று. நேற்று எனக்குப் போன் செய்தாள்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கம்பெனிக்காரங்க பதில் போட்டிருக்காங்கண்ணே. அவருக்கு முன்னாடியே சீக்கு இருந்துச்சாம். கல்லூரியில நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்களாம். கூட இருந்தவரே நன்றின்னு சொல்லியிருக்காருன்னு உங்க படம் போட்ட பேப்பரையும் சேத்து அனுப்பியிருக்காங்க. நீங்களா சொன்னீங்க?"

நான் சொல்லவில்லை என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். யாரைக் காப்பாற்றினீர்கள்?

பன்னீர்செல்வம்


புஜைரா
5.12.2024

பன்னீர்செல்வம்,

எனக்கு இது தெரியாது. பத்திரிகையைக் கம்பெனி இப்படிப் பயன்படுத்தும் என்று சத்தியமாகத் தெரியாது. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் நான் எழுதியது பொய்யாக இருந்தது.

முதல் கடிதத்தில் நான் எழுதியதும் பாதிதான் உண்மை. டீன் உட்கார்ந்திருந்தது உண்மை. உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தது உண்மை. ஆனால் என் கை நடுங்கியது அதனால் அல்ல. கழுத்தில் கார்டு மாட்டிய பத்துப் பேர் என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் நடுங்கியது.

அந்தப் பத்துப் பேரில் நான் ஒருத்தி.

விழாவுக்கான கையேடுகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வராந்தாவில் வந்தேன். நீங்கள் தோளில் யாரையோ சாய்த்துக்கொண்டு கதவைத் தட்டுவதைப் பார்த்தேன். நர்ஸ் திறந்துவிடுவார் என்று நினைத்தேன். அன்று நர்ஸ் மேடைப் பக்கம் இருந்தார் என்று பிறகுதான் தெரியும். அவசரத்தில் இருந்தேன், விருந்தினர் வரும் நேரம் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மணி ஒன்றரை. விருந்தினர் வர நாலு மணி நேரம் இருந்தது. கையேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கார்டைக் காட்டியிருந்தால் கதவு திறந்திருக்கும். உள்ளே ஐஸ் இருந்தது, கட்டில் இருந்தது.

வகுப்பில் அந்த வரியை நான் விட்டுவிட்டேன். அப்படியே விட்டால் இடைவெளி தெரியும் என்று நன்றியை வைத்து அடைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வகுப்பில் ஹர்ஷினி என்ற பெண் இருந்தாள். துபாயில் சத்வாவில் வளர்ந்தவள். அவள்தான் முழுப் பேச்சையும் போனில் பதிவு செய்தாள். இரண்டு நாள் கழித்து லைப்ரரிக்கு வந்து, "ஆன்ட்டி, எனக்குத் தமிழ் படிக்க வராது, பட் கேட்டா புரியும். அந்த அங்கிள் தேங்க்ஸ்னு சொல்லவே இல்லையே?" என்றாள். நான், "அவரோட நல்லதுக்குத்தாம்மா. நீ இத விட்டுடு" என்றேன். பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்துப் போய்விட்டாள். அவள் நம்பியதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஷியாமளா


ஜெபல் அலி
12.12.2024

மேடம்,

எனக்குத் தெரியும். நீங்கள் வராந்தாவில் வந்ததை நான் பார்த்தேன். பச்சைச் சேலை. கையில் புத்தகக் கட்டு. "மேடம்" என்று கூப்பிடவும் செய்தேன். உங்கள் காதில் விழவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பத்துப் பேர் என்று மட்டும் சொல்லிப் பெயர் சொல்லாமல் விட்டது உங்களை நினைத்துத்தான். பக்கத்தில் நிற்கிறவரின் பெயரை எப்படிச் சொல்வது என்று விட்டேன்.

நீங்கள் அழுதுகொண்டே எழுதியிருப்பீர்கள் என்று தெரிகிறது. எழுத்து இரண்டு இடத்தில் கலைந்திருக்கிறது. அதை வைத்து நான் என்ன செய்வது? சரசுவுக்கு அனுப்ப முடியுமா?

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். நான் பேசியது ஒன்று விடாமல் இங்கிலீஷில் வேண்டும். அதன் பக்கத்தில் நீங்கள் அன்று சொன்னதும் வேண்டும். கீழே உங்கள் கையெழுத்து வேண்டும். அதே பத்திரிகையில், அதே அளவில் வர வேண்டும். மூலையில் நாலு வரி திருத்தம் போட்டு முடித்துவிடாதீர்கள். வீரபாண்டி பெயரும் வர வேண்டும். முதலில் வந்ததில் அவனை "சக ஊழியர் ஒருவர்" என்று போட்டிருந்தார்கள். ஒரு கல்லூரியில் இத்தனை படித்தவர்கள் இருந்து அவன் பெயரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நன்றிச் சுவர் என்று ஒன்று வைத்து, அதில் கலர் காகிதம் ஒட்டுகிறார்கள். ராத்திரி அதிலிருந்து விழுந்த காகிதத்தைக் கூட்டி அள்ளியவன் வீரபாண்டிதான்.

இதனால் உங்களுக்கு வேலை போகலாம். யோசித்துச் செய்யுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்து முடிவெடுக்க மாட்டேன்.

பன்னீர்செல்வம்


புஜைரா
24.1.2025

பன்னீர்செல்வம்,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

குளிர்கால விடுமுறை முடிந்து பிள்ளைகள் வந்ததும் ஹர்ஷினியைக் கூப்பிட்டு நடந்ததை முழுதும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ போனை எடுத்து மேசையில் வைத்து, "டெலீட் பண்ணல ஆன்ட்டி" என்றாள். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதினோம். நான் தப்பிக்கப் பார்த்த இடத்தில் எல்லாம் அவள் நிறுத்தி மறுபடி போட்டாள்.

பத்திரிகையில் போட டீன் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனியோடு சட்டச் சிக்கல் வரும் என்றார். அதனால் நேற்று வியாழக்கிழமை, நீள மேசை விருந்தில், எல்லாரும் ஒன்றாக உட்காரும் அந்த விருந்தில், சூப் பரிமாறி முடித்ததும் எழுந்து நின்றேன். அக்டோபரில் நான் ஒரு மொழிபெயர்ப்பு செய்தேன், அது பொய், இப்போது சரியானதைச் சொல்லப்போகிறேன் என்றேன். ஹர்ஷினி உங்கள் குரலை ஒலிபெருக்கியில் போட்டாள். ஒரு வரி நீங்கள், ஒரு வரி நான்.

டீன் எழுந்து வந்து என் காதருகே, "ஷியாமளா, இது அதற்கான இடமில்லை" என்றார். நானும் மெதுவாகத்தான் பேச நினைத்தேன். முடியவில்லை. "ஒரே குடும்பம்னு சொல்ற இடம் இதுதானே சார். வேற எங்க போய்ச் சொல்றது?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. ஹர்ஷினி இங்கிலீஷில் சொன்னாள். அப்படியே சொன்னாள்.

கார்டு மாட்டிய பத்துப் பேர் என்ற வரி வந்தபோது, அதில் நானும் ஒருத்தி என்று சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சிலர் எழுந்து போனார்கள். சமையற்கட்டு ஆட்கள் கதவில் வந்து நின்று கேட்டார்கள். சரித்திரப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, "நானும் அந்த வராந்தாவில் வந்தேன்" என்றார். பிறகு இன்னொரு அம்மாள். பிறகு இரண்டு மாணவர்கள். அதற்கு மேல் ஒருவரும் எழவில்லை. மீதி ஐந்து பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை மாணவர்கள் டீனைக் கேட்காமலே முழுப் பக்கத்தை அச்சடித்து எல்லா அறை வாசலிலும் வைத்துவிட்டார்கள். என் கையெழுத்தோடு ஐந்து பிரதிகளைச் சரசுவுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். எழுந்து நின்ற நாலு பேரும் நேரில் பார்த்த சாட்சியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மதியம் என்னைக் கூப்பிட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றார்கள். கார்டை வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் என் கணவர் ரகுநாதன், "அர்ஜுன் பிளஸ் டூ எழுதப்போறான், இப்பப் போய் இதெல்லாம் தேவையா ஷியாமளா?" என்றார். தேவையாக இருந்தது ஆகஸ்டில், இப்போதே தாமதம் என்றேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதலாமா என்று யோசித்தேன். கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. அச்சடித்த பக்கம் இத்துடன் இருக்கிறது.

ஷியாமளா


ஜெபல் அலி
16.2.2025

மேடம்,

கடிதமும் பக்கமும் வந்தன. சரசு போன் செய்தாள். சங்கத்துக்காரர்கள் அந்தத் தாளையும் நாலு சாட்சியையும் வைத்து மறுபடி எழுதியதில், கம்பெனி பழைய பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாம். வேலை நேரத்தில், வெயிலில்தான் விழுந்தான் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு, மதுரையில் வைத்தியம் நடக்கும்வரை பொறுப்பேற்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். போன சிறுநீரகம் திரும்ப வராது. சரசு, "அண்ணே, நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். கேட்டது சரிதான் என்றேன்.

கிளினிக் கதவு இப்போது எல்லார் கார்டுக்கும் திறக்கிறது என்று மஹ்மூது பாய் சொன்னார். இதற்கு ஒரு ஆள் விழ வேண்டியிருந்ததா? ஒரு பொத்தானை அழுத்தி மாற்றுகிற வேலை என்கிறான் தியாகு. கேட்டபோது எனக்கு மறுபடி கோபம்தான் வந்தது.

என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வர மாட்டேன். உங்களுக்கு வேலை போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. உங்கள் மீது இருந்த கோபம் போய்விட்டது என்றும் எழுத மாட்டேன். இனி யாரும் என் பெயரில் இல்லாததைச் சொல்லக் கூடாது, அது நானாக இருந்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை லீவில் தியாகுவும் நானும் உட்கார்ந்து உங்கள் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தோம். அவன் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்ல, நான் பேசியதோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு இடம் தவறு. "வீரபாண்டியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்" என்று இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு போனேன் என்றுதான் சொன்னேன். வீரபாண்டி கனமான ஆள். எனக்கும் காலையிலிருந்து வெயில். நடந்துதான் போனேன். வழியில் இரண்டு இடத்தில் அவனைக் கீழே இறக்கி வைத்து உட்கார்ந்தேன். மூச்சு வந்த பிறகு மறுபடி தூக்கினேன். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்று ஓட வைத்துவிட்டீர்கள்.

ஹர்ஷினியிடம் சொல்லி அதை மாற்றச் சொல்லுங்கள். ஓடினேன் என்று இருந்தால், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பன்னீர்செல்வம்